முதுமையின் நான்காம் சாமம்

இரவை மணிக்கணக்கால் அளக்கும் பழக்கம் நம் சிற்றூர்களுக்குப் பிந்தியே வந்தது. அதைக் கொணர்ந்தவற்றுள் ரயிலும் ஒன்று. 1906-இல் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வருமுன், விழுப்புரம், திண்டிவனம் வழியே ஓடிய வண்டிகள் சென்னை நேரத்தைப் பின்பற்றின. ஊராருக்கோ இரவு என்பது நான்கு சாமம். சாமம் ஒன்றுக்கு ஏழரை நாழிகை, அதாவது 3 மணி நேரம். மின்மோட்டார் வராத நாளில், மல்லாட்டைக் கொல்லைக்குக் கவலை ஓட்டியவர்கள் நான்காம் சாமத்திலேயே எழுந்தார்கள். வெயில் ஏறினால் மாடு தாங்காது.

அன்றைய வீடு ஒரே நேரத்தில் உறங்கிய வீடன்று. கைக்குழந்தை நாளில் 14 முதல் 17 மணி நேரம் உறங்கினாலும் துண்டு துண்டாகவே உறங்கும். வாலிபன் பின்னிரவில்தான் அயர்வான். திண்ணையில் படுத்த கிழவர் அதற்குள் விழித்திருப்பார். தொழுவத்தில் மாடு கனைத்தாலும் அவருக்குக் கேட்கும்.

தான்சானியாவின் ஹட்சா வேட்டைக்குடியினரிடையே நடந்த ஆய்வொன்று 2017-இல் வெளியானது. 33 பேரை 20 நாட்கள் கவனித்ததில், அனைவரும் ஒருசேர உறங்கியது மொத்தமே 18 நிமிடங்கள். வயதுதோறும் உறக்கம் மாறுபடுவதே கூட்டத்துக்குக் காவலாயிற்று என்பது ஆய்வாளர் கருத்து. கருதுகோள்தான், எனினும் நம் திண்ணையை அறிந்தவர்க்கு அது அந்நியமாகத் தோன்றாது.

முதியவருக்குத் தூக்கம் குறைவாகவே போதும் என்பது பாதி உண்மை. 65 வயதைக் கடந்தவர்க்கும் 7 முதல் 8 மணி நேரம் வேண்டும் என்பதே 2015-இல் அமெரிக்கத் தேசிய உறக்க அறக்கட்டளை தந்த பரிந்துரை. குறைவது ஆழ்ந்த உறக்கமும், ஒரே மூச்சில் உறங்கும் திறனுமே. உடலின் கடிகாரமும் முந்திக்கொள்கிறது. அந்தக் கடனைத் திண்ணைக் கிழவர் பகலில் வேப்பமர நிழலில் அடைத்தார். (உள்ளே இடமின்மையால் திண்ணைக்கு வந்தவரும் உண்டு, பழமையை மிகைப்படுத்த வேண்டியதில்லை.)

இன்று அதே விழிப்பு நோயெனப்படுகிறது. குறட்டையில் மூச்சு நின்றாலோ, மனச்சோர்வு வாட்டினாலோ மருத்துவரிடம் செல்லவே வேண்டும். ஆனால் வெறும் அதிகாலை விழிப்புக்கும் தூக்கமாத்திரை கேட்கிறோம். அவற்றுள் பலவற்றை முதியோருக்குத் தவிர்க்கும்படி முதியோர் மருத்துவ நெறிகள் எச்சரிக்கின்றன; தடுக்கி விழுவதும் மனக்குழப்பமும் கூடுகின்றன.

திண்டிவனத்துப் புது மனைப்பிரிவுகளில் எழும் வீடுகள் பலவற்றில் கார் நிறுத்த இடமிருக்கிறது. மூன்று மணிக்கு எழுந்தவர் பிறரை எழுப்பாமல் உட்கார ஓரிடம் இல்லை.