தோம்பு எழுதக் கட்டிய கோவில்

ரொறன்ரோவில் டோர்செட் பார்க்கிலிருந்து கிழக்கே போய் பிரிம்லி வீதியைத் தாண்டினால் செயின்ட் ஆண்ட்ரூஸ் பிரெஸ்பிட்டேரியன் தேவாலயம் வரும். ஸ்காபரோவின் முதற் சபை அது. 1818-இல் கூடியது, இப்போதுள்ள செங்கற் கட்டடம் 1849-ஐச் சேர்ந்தது. கனடாக் கணக்கில் நல்ல பழசுதான். ஆனால் அந்தச் சபை கூடிய அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த பழைய தேவாலயச் சுவர்களைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவர்களுக்கு அப்போதே நூறு வயது தாண்டிவிட்டது. அவை எப்படிப் பிறந்தன என்பதுதான் இங்கே கதை. அதே வகைச் சுவர்களில் ஒன்று சங்கானையில் இன்றும் கூரையில்லாமல், தொல்லியல் திணைக்களத்தின் பாதுகாப்பில் நிற்கிறது.

1619-இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியன் பிடிபட்டு இராச்சியம் போர்த்துக்கேயர் கைக்குப் போனது. 1621-இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேறா நல்லூர்க் கந்தசாமி கோயிலை இடித்தான். இடித்தது எல்லோருக்கும் ஞாபகம். அதற்குப் பிறகு கட்டியதைப் பற்றி நாங்கள் அவ்வளவு பேசுவதில்லை. பிரான்சிஸ்கன் துறவிகளும் யேசு சபையாரும் தீபகற்பத்தைக் கோவிற்பற்றுகளாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். சங்கானை, மானிப்பாய், பண்டத்தரிப்பு, மல்லாகம், அச்சுவேலி, சாவகச்சேரி, வரணி என்று 30 வரையான கோவிற்பற்றுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேவாலயம், பக்கத்திலேயே குருவானவருக்கு வீடு.

கையோடு கொண்டுவந்த அமைப்பு ஐரோப்பியக் கிராமங்களில் மத்திய காலம் முழுக்கக் கட்டிப் பழகியதுதான். சனம் கூடுவதற்கு நீண்ட மண்டபம், அதன் தலைமாட்டில் சற்றுக் குறுகலான பலிபீட அறை, இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய வளைவு. அந்த அமைப்போடு ஒரு புத்தகமும் வந்தது. ஞானஸ்நானம், கலியாணம், சாவு மூன்றையும் பங்குக் கோவிலில் எழுதி வைக்கவேண்டும் என்று இங்கிலாந்தில் 1538-இல் ஆணை பிறந்தது. கத்தோலிக்க உலகத்தில் ஞானஸ்நானமும் கலியாணமும் பதியப்படவேண்டும் என்பதை 1563-இல் திரெந்து சங்கம் கட்டாயமாக்கியது. கோவிற்பற்று என்பதே ஒருவரை ஓர் எல்லைக்குள் வைத்துப் பெயர் எழுதும் ஏற்பாடு. வழிபாடு அதில் பாதி. மற்றப் பாதி கச்சேரி வேலை என்றுதான் எனக்குப் படுகிறது.

அமைப்பு ஐரோப்பாவுடையது என்றாலும் உடம்பு யாழ்ப்பாணத்துடையது. சங்கானைச் சுவரில் சாந்து உரிந்த இடத்தில் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். கல்லில் தேன்கூடு போலச் சின்னச் சின்னக் கண்கள் தெரியும். அது முருகைக்கல், ஒரு காலத்தில் உயிரோடு கடலில் வளர்ந்தது. கருங்கல் கிடைக்காத தீபகற்பத்தில் கொத்தனுக்குக் கைகொடுத்தது இதுதான். வெட்டுவதற்கு மென்மையானது, ஈரத்தைக் குடிக்கும். அதனால் சுவரைத் தடிப்பாக எழுப்பி, சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பே பூசினார்கள். அதே முருகைக்கல்லைச் சூளையில் வைத்துச் சுட்டால் சுண்ணாம்பும் கிடைத்துவிடும். மண்டபத்தையும் பலிபீட அறையையும் பிரிக்கும் வளைவு சங்கானையில் இன்னும் நிற்கிறது. மேலே பாரம் எதுவும் இல்லை, கீழே பிரசங்கம் கேட்க ஆளும் இல்லை.

1658-இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரிடம் வீழ்ந்தது. அவர்கள் தேவாலயங்களை இடிக்கவில்லை. சொரூபங்களை அகற்றிவிட்டுப் பிரசங்க மேடை வைத்தார்கள், பழுதானதைத் திருத்தினார்கள், சிலவற்றைத் திரும்பக் கட்டினார்கள். அவர்களோடு வந்த போதகர் பிலிப்பஸ் பல்தேயுஸ் 1672-இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட பெரிய நூலில் இந்தத் தேவாலயங்களின் செதுக்குப் படங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. சங்கானையும் அதில் உண்டு. நம்முடைய ஊர்களுக்கு 17-ஆம் நூற்றாண்டுப் படம் இருக்கிறது என்றால், அது இந்தத் தேவாலயங்களின் புண்ணியத்தால்தான்.

பெயர் எழுதும் புத்தகம் ஒல்லாந்தர் காலத்தில்தான் உண்மையில் பலம் பெற்றது. தேவாலயமே பள்ளிக்கூடம், வாத்தியாரான சட்டம்பியார் கையில் பள்ளித் தோம்பு, அதாவது பதிவேடு. போதகர்மார் விரல்விட்டு எண்ணக்கூடிய தொகை, ஊருக்கு எப்போதோ ஒருமுறை வருவார்கள். மற்ற நாளெல்லாம் சட்டம்பியார் இராச்சியம். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் குற்றப்பணம். ஞானஸ்நானம் பெறாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. கலியாணத்தைத் தோம்பில் பதியாவிட்டால் பிள்ளையின் உரிமைக்கே கேள்வி வரும். ஆகவே வீட்டில் திருநீறு பூசிய மனிசர் தேவாலயத்தில் தொன் பிலிப், தொன் யுவான் என்று பெயர் கொடுத்துவிட்டு வந்தார்கள். இதை வெறும் வேஷம் என்று சிலர் எழுதுகிறார்கள். அகதி விண்ணப்பத்துக்காகப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தேடி அலைந்து ஸ்காபரோ வந்து சேர்ந்தவர்களால் அவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியாது. பேர் எழுதும் இடம் எதுவோ, அங்கே போய்த்தானே ஆகவேண்டும்.

1795-இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமானது. உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் தேவையில்லை என்றானதும் சனம் வருவது நின்றது. சனம் வராமல் போனதும் கூரை போனது. முருகைக்கல் கட்டடத்தில் கூரை போனால் மழைத் தண்ணீர் சுவரின் தலையால் இறங்கிச் சாந்தைக் கரைத்துவிடும். பிறகு ஆலமரமும் அரசமரமும் வெடிப்பில் வேர் விட்டுவிடும். 1816-இல் வந்த அமெரிக்கர் கண்டது அந்தக் கோலத்தைத்தான்.

வட்டுக்கோட்டைக்கு அதிர்ஷ்டம் இருந்தது. 1823-இல் அங்கே செமினரி தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது வட்டுக்கோட்டைத் தேவாலயம் யாழ்ப்பாண ஆதீனத்தின் பேராலயமானது. சங்கானைச் சுவருக்கு அப்படி ஒரு சபை வாய்க்கவில்லை. அதைக் காப்பதென்றால் முதலில் வேர்களை எடுக்கவேண்டும், அடுத்ததாகச் சுவரின் தலையைச் சுண்ணாம்பால் மூடவேண்டும். சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, கல் பொருக்காகக் கழரும்.