சரத்தின் முதல் பாடமும் இந்திய எழுத்துகளும்

நிரலாக்கம் பயிலத் தொடங்கும் மாணவருக்குச் சரங்களைக் கற்பிக்கையில் தரப்படும் பயிற்சிகளுள் மூன்று ஏறத்தாழ மாறுவதே இல்லை. ஒரு சொல்லில் எத்தனை எழுத்துகள் என எண்ணுக, சொல்லைத் தலைகீழாக்குக, பெயரில் எழுத்துகள் மட்டுமே உள்ளனவா எனச் சரிபார்க்க. மூன்றும் எம்மொழிக்கும் பொதுவானவை போலத் தோன்றும். ஆனால், 'எழுத்து' என்பதற்கு அவை கொள்ளும் பொருள் ஒரு குறிப்பிட்ட காலத்திலும் இடத்திலும் உருவானது.

1963இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி குறியேற்றம் 7 பிட்டுகளும் 128 இடங்களும் கொண்டது. தொலையச்சுக் கருவிகளையும் கணினிகளையும் மனத்திற்கொண்டு அமைந்தது அது. ஆங்கில எழுத்துகள் அதில் அடுத்தடுத்து நின்றன. ஆகவே ஒரு குறி பெரிய எழுத்தா என்று அறிய, அது ஏ முதல் இசட் வரையிலான எல்லைக்குள் உள்ளதா என ஒப்பிடுவதே போதுமானதாயிற்று. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழி, சரத்தைப் பைட்டுகளின் வரிசையாகவே கையாண்டது. பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் 1978இல் வெளியிட்ட அம்மொழியின் பாடநூல், எழுத்துகளையும் சொற்களையும் வரிகளையும் எண்ணும் நிரல்களைத் தொடக்க அத்தியாயத்திலேயே வைத்தது. ஆங்கிலத்துக்கு அதில் பிழை ஏதும் இல்லை. 'ஒரு பைட்டு, ஓர் எழுத்து' என்ற எடுகோள், எடுகோள் என்று சொல்லப்படாமலே பிற நாட்டு வகுப்பறைகளுக்கும் சென்றதுதான் சிக்கல்.

இந்திய மொழிகள் கணினிக்குள் வந்த வழி வேறு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991இல் ஏற்ற இஸ்கி குறியேற்றம், ஆஸ்கியின் 128 இடங்களை அப்படியே வைத்துக்கொண்டு, மேற்பாதியை இந்திய எழுத்துகளுக்கு ஒதுக்கியது. மெய், உயிர், உயிர்க்குறி, புள்ளி ஆகியவை தனித்தனிக் குறிகளாயின. அதே ஆண்டு வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, 1988ஆம் ஆண்டு இஸ்கியின் அடுக்கைப் பின்பற்றி இந்திய எழுத்துகளுக்கு இடம் தந்தது. இதனால் தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் அமையவில்லை. 'மி' என்பது மகரக் குறியும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டாயிற்று.

இதன் விளைவை இன்றைய பைத்தான் மொழியில் எவரும் சோதிக்கலாம். 'தமிழ்' என்னும் சொல்லின் நீளம் 5 என்று விடை வரும். படிப்பவர் காண்பதோ மூன்றெழுத்து. அச்சொல்லைத் தலைகீழாக்கினால் புள்ளி தன் மெய்யைப் பிரிந்து முன்னே தனித்து நிற்கும். இகரக் குறி மகரத்தை விட்டு ழகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'எல்லாம் எழுத்துகள்தாமா' என்று கேட்டால் 'இல்லை' என்பதே விடை. ஒருங்குறி உயிர்க்குறியையும் புள்ளியையும் 'எழுத்து' வகையில் அன்றி 'குறியீடு' வகையில் வைத்திருப்பதே காரணம். தேவநாகரியிலும் வங்காளத்திலும் நிலை இதுவே. 'கொ' என்பதை ஒகரக் குறி ஒன்றாலும் எழுதலாம். எகரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இயல்புப்படுத்தாமல் ஒப்பிடும் நிரலுக்கு அவை வேறு வேறு சொற்கள்.

வகுப்பறையில் இது வெறும் வியப்பு. ஆனால், அங்குப் பயின்றவர்களே பின்னாளில் விண்ணப்பப் படிவங்களுக்கு நிரல் எழுதுகின்றனர். ஏ முதல் இசட் வரை மட்டுமே பெயர் என்னும் விதி, தாய்மொழியில் எழுதிய பெயரை மறுக்கிறது. குடும்பப் பெயர் கட்டாயம், அதில் குறைந்தது இரண்டெழுத்து வேண்டும் என்னும் விதி, தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் இட்டு வாழும் தென்னிந்தியரைத் தடுக்கிறது. 'என் விதி குறுகியது' என்று எந்திரம் சொல்வதில்லை. 'உங்கள் பெயர் தவறு' என்றே சொல்கிறது.

சரிபார்ப்பே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹூஃப் 1969இல் வெளியிட்ட முறை, ஓர் இலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் தவறாமல் காட்டிக்கொடுக்கும். ஆதார் எண்ணின் 12ஆம் இலக்கம் அம்முறையில் கணிக்கப்படுவதே. எந்தப் பிழையைத் தேடுகிறோம் என்பதை அம்முறை முன்பே வரையறுத்துக்கொள்கிறது. பெயருக்கான விதிகள் பலவற்றில் அந்த வரையறை இல்லை. பழக்கமில்லாததெல்லாம் பிழை என்று கொள்ளப்படுகிறது.

அந்த மூன்று பயிற்சிகளையும் கைவிட வேண்டியதில்லை. மாணவர் தம் பெயரைத் தம் மொழியில் இட்டு அவற்றைச் செய்தாலே போதும். 'தமிழ்' எத்தனை எழுத்து? படிப்பவருக்கு 3, ஒருங்குறிக்கு 5, யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும் கணினிக்கு 15 பைட்டு. மூன்றும் சரியான விடைகளே. எந்தக் கேள்விக்கு எது விடை என்று பிரித்தறிவதுதான் சரங்களைப் பற்றிய முதல் பாடமாக இருக்க வேண்டும்.