கேளாமல் வந்த ஆட்சி

மில்ரன் நகரில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. எர்னஸ்ட் சி. ட்ரூரி என்பவரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். வேலைக்காக அந்த வீதியால் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன். யாரோ கல்வி அதிகாரியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் ஒரு கமக்காரர் என்பதும், 1919 முதல் 1923 வரை ஒன்ராறியோவின் முதல்வராக இருந்தவர் என்பதும், இந்த மாகாணத்தை ஒரு காலத்தில் விவசாயிகளின் கட்சி ஆண்டது என்பதும் இங்கே வந்து பல வருடங்களுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தன.

1914இல் தொடங்கிய 'ஒன்ராறியோ ஐக்கிய விவசாயிகள்' முதலில் கட்சியாக இருக்கவில்லை. அது ஒரு சங்கம். அதனோடு ஒரு கூட்டுறவுக் கம்பனியும் இருந்தது. விதையையும் கதிர்க்கட்டுக் கயிற்றையும் மொத்தமாக வாங்கினால் மலிவு என்ற கணக்கில் கூடியவர்கள் அவர்கள். குறை வேறும் இருந்தது. உள்ளூர்த் தொழிற்சாலைகளைக் காக்கப் போட்ட இறக்குமதி வரியால் கலப்பை முதல் அறுவடை இயந்திரம் வரை விலை ஏறியது. பிள்ளைகள் நிலத்தை விட்டு நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1911ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பிலேயே ஒன்ராறியோவின் நகரவாசிகள் கிராமத்தவரை எண்ணிக்கையில் முந்திவிட்டார்கள்.

சங்கத்தை அரசியலுக்குள் தள்ளியது போர். கட்டாய இராணுவ சேவையிலிருந்து விவசாயிகளின் மகன்களுக்கு விலக்கு உண்டு என்று 1917 தேர்தலின்போது மத்திய அரசு வாக்குறுதி தந்தது. 1918 ஏப்ரலில், இளவயதினருக்கு அந்த விலக்கை இரத்துச் செய்தது. விதைப்புக் காலம் அது. மே மாதத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் விவசாயிகள் ஒட்டாவாவில் திரண்டார்கள். பிரதமர் போர்டன் இறங்கி வரவில்லை. தங்கள் முறைப்பாட்டை நாடாளுமன்றத்துக்குள் சொல்லவும் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அவமானப்பட்டுத் திரும்பியவர்கள் அதே ஆண்டு ஒக்ரோபரில் மனிடூலின் தொகுதி இடைத்தேர்தலில் தங்கள் ஆளை வெல்ல வைத்தார்கள்.

1919 ஒக்ரோபர் 20இல் மாகாணப் பொதுத்தேர்தல் நடந்தது. ஒன்ராறியோவின் பெண்கள் வாக்களித்த முதல் மாகாணப் பொதுத்தேர்தலும் அதுதான். 111 இடங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை விவசாயிகளுக்குக் கிடைத்தன. பதவியிலிருந்த முதல்வர் ஹெர்ஸ்ற் தன் தொகுதியையே இழந்தார். வென்றவர்களுக்கோ ஒரு தலைவர்கூட இல்லை. ஆட்சியைப் பிடிப்போம் என்று எண்ணி அவர்கள் போட்டியிடவில்லை. தொழிலாளர் கட்சியின் 11 பேரோடு கூட்டுச் சேர்ந்த பிறகு, பரி நகருக்கு அருகே கமம் செய்துகொண்டிருந்த, தேர்தலிலே நிற்காத ட்ரூரியைக் கூப்பிட்டு முதல்வராக்கினார்கள். அப்போது அவருக்கு வயது 41. அடுத்த ஆண்டு ஹோல்ரன் தொகுதி இடைத்தேர்தலில் வென்றுதான் சட்டமன்றத்துக்குள் வந்தார். மில்ரன் அந்தத் தொகுதியைச் சேர்ந்த ஊர்.

கேளாமல் வந்த ஆட்சியை வைத்து அவர்கள் செய்தவை கொஞ்சமல்ல. 1920இல் கணவனை இழந்த தாய்மாருக்கான உதவித்தொகைச் சட்டமும், பெண் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வந்தன. 1921இல் தத்தெடுப்புச் சட்டம் வந்தது. விவசாயக் கடனுக்கு நிதி திரட்ட மாகாண சேமிப்பு வங்கியைத் திறந்தார்கள். அது 2003 வரை மாகாணத்தின் கையில் இருந்தது. மரங்களை வெட்டி மணல் பறந்த சிம்கோ பகுதியில் 1922இல் மரம் நடத் தொடங்கினார்கள். இன்று அந்த வனம் 33,000 ஏக்கரைத் தாண்டிவிட்டது. இதே அலையில்தான் ஆக்னஸ் மக்ஃபெயில் என்ற கிராமப்புற ஆசிரியை 1921இல் கனடிய நாடாளுமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரானார்.

இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் விவசாயிகளுக்கு மட்டும் உரியவை அல்ல. கட்சி உடைந்ததும் இந்த இடத்தில்தான். நகரத்தாரையும் சேர்த்து எல்லோருக்குமான மக்கள் கட்சியாக விரிய வேண்டும் என்றார் ட்ரூரி. இயக்கத்தின் செயலாளர் ஜே. ஜே. மொரிசன் அதை அடியோடு மறுத்தார். விவசாயி விவசாயிக்காகப் பேசட்டும், தொழிலாளி தொழிலாளிக்காகப் பேசட்டும். கட்சியாக விரிந்தால் நாமும் பழைய கட்சிகளைப் போலாகிவிடுவோம் என்பது அவர் வாதம். நெடுஞ்சாலைகளுக்குக் கொட்டிய பணம் கார் வைத்திருக்கும் நகரத்தாருக்குத்தானே என்ற முணுமுணுப்பும் கிராமங்களில் இருந்தது. 1923 ஜூன் தேர்தலில் கன்சவேற்றிவ் கட்சி 75 இடங்களைப் பிடித்தது. விவசாயிகளுக்கு மிஞ்சியவை 17. ட்ரூரியும் தோற்றார். அதன் பின் இயக்கம் தேர்தல் அரசியலிலிருந்து விலகிக்கொண்டது. கூட்டுறவுக் கம்பனி மட்டும் வேறு பெயரில் பல பத்தாண்டுகள் ஓடியது.

யார் சரி? எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் ட்ரூரிதான். சுருங்கிக்கொண்டே போகும் ஒரு கூட்டம் தனித்து நின்று நெடுநாள் ஆள முடியாது. ஆனால் ஒட்டாவாவில் கதவடைக்கப்பட்டுத் திரும்பியவர்களின் கோபத்தில் பிறந்த கட்சி அது. அவர்களை இணங்க வைக்காமல் வாசலை அகலத் திறந்தபோது, உள்ளே இருந்தவர்களுக்குத் தங்கள் வீடு பறிபோவதாகத் தோன்றியது. புதிதாகவும் பெரிதாக எவரும் வரவில்லை.

நம்மவர் ஒருவர் தேர்தலில் நிற்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி நம்முடைய மண்டபங்களிலும் எழுகிறது: இவர் தமிழருக்காகப் போகிறாரா, தொகுதிக்காகப் போகிறாரா? இரண்டுக்கும் என்று சொல்லிவிடுவது சுலபம். நூறு வருடங்களுக்கு முன் ஹோல்ரன் தொகுதியின் உறுப்பினரும் அப்படித்தான் நம்பினார். அவருடைய கட்சியை இன்று யாருக்கும் நினைவில்லை. அது தொடக்கிவைத்த தாய்மார் உதவித்தொகையின் வழிவந்த திட்டங்களோ, இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடங்களில் நம் குடும்பங்கள் சிலவற்றையும் தாங்கியிருக்கின்றன.