பாக்கெட் ரிவால்வரும் அதன் ‘கிதோன்’னும்

கைத்துப்பாக்கி எதைக் கண்டாலும் ‘ரிவால்வர்’ என்று சொல்வது நம்மவர் வழக்கம். தோட்டாக்களைச் சுமந்த ஓர் உருளை, ஒவ்வொரு வெடிக்கும் ஒரு பங்கு சுழன்று கொடுத்தால்தான் அது ரிவால்வர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் வாஞ்சிநாதன் கையில் இருந்ததையும் பலர் ரிவால்வர் என்றே எழுதுகிறார்கள். அது கைப்பிடிக்குள் தோட்டாக்களை அடுக்கிய பிரவுனிங் பிஸ்டல். இன்று நான் எழுதப்போவது அசல் ரிவால்வரைப் பற்றி; அதிலும் சட்டைப் பையில் அடங்கும் சின்ன ரிவால்வரைப் பற்றி. ‘தற்காப்புக்கு’ என்று சொல்லியே நூற்றைம்பது ஆண்டுகளாக விற்கப்படும் சாமான் அது. அதைக் கொண்டு ஒருவர் குறி பார்ப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

முதலில் சில சொற்கள். தோட்டாவைத் தட்டும் சுத்தியல் போன்ற உறுப்பைத் தமிழில் ‘குதிரை’ என்போம். பிரெஞ்சுக்காரர்கள் அதையே ‘ஷியான்’, அதாவது நாய், என்கிறார்கள். குழலின் நுனியில் நிற்கும் குறிமுள்ளுக்குப் பிரெஞ்சில் ‘கிதோன்’ என்று பெயர். சைக்கிளின் ஹேண்டில்பாருக்கும் அதே பெயர்தான். பின்னால் இருக்கும் சிறு வெட்டுக்குள் அந்த முள்ளை நிறுத்தி, அதை இலக்கோடு சேர்த்துப் பார்ப்பதுதான் குறி பார்ப்பது. கோல்ட் கம்பெனியின் பழைய ரிவால்வர்களில் பின்வெட்டு குதிரையின் தலையிலேயே இருந்தது. குதிரையை இழுத்து நிறுத்தினால்தான் வெட்டு கண்ணுக்குத் தெரியும்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு வெர்லேன் என்றால் ‘ரெசித்தாசியோன்’ வகுப்பில் மனப்பாடம் செய்த கவிஞர். அவர் துப்பாக்கி வாங்கிய கதையைப் பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை. 1873 ஜூலை 10 காலை, பிரஸ்ஸல்ஸ் நகரக் கடை ஒன்றில் 7 மில்லிமீட்டர் லெஃபோஷே வகை ரிவால்வர் ஒன்றை வெர்லேன் வாங்கினார். அன்றே பிற்பகல், குடித்திருந்த நிலையில், ஓட்டல் அறையில் தன் இளம் நண்பர் ரேம்போவை நோக்கி இரண்டு முறை சுட்டார். ரேம்போவுக்கு அப்போது 18 வயது. ஒரு குண்டு அவர் இடது மணிக்கட்டில் பாய்ந்தது. மற்றது அவர்மேல் படவே இல்லை. ஒரே அறைக்குள், சில அடி தூரத்தில் நடந்தது இது. வெர்லேனுக்கு இரண்டு ஆண்டு சிறை கிடைத்தது. அந்த ரிவால்வர் 2016இல் பாரிஸ் ஏலத்தில் 4,34,500 யூரோவுக்குப் போனது.

எட்டு ஆண்டு கழித்து இன்னொரு சம்பவம். 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை கிட்டோ என்பவன் பின்னாலிருந்து சுட்டான். அவன் கையில் இருந்தது ‘பிரிட்டிஷ் புல்டாக்’ வகை ரிவால்வர். இங்கிலாந்தின் வெப்லி கம்பெனி 1872 வாக்கில் கொண்டுவந்த வடிவம் அது: கோட்டுப் பையில் போட்டுக்கொள்ளும்படி குட்டைக் குழல், ஐந்து தோட்டா. இங்கும் இரண்டு வெடி. ஒன்று கையை உரசிக்கொண்டு போனது, மற்றது முதுகில் பாய்ந்தது. செப்டம்பர் 19 அன்று ஜனாதிபதி இறந்தார். அழுக்கு விரல்களாலும் கருவிகளாலும் மருத்துவர்கள் குண்டைத் தேடியதில் புண் சீழ் பிடித்ததும் அதற்குக் காரணம்.

இரண்டு இடத்திலும் இலக்கு எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தும் ஒரு குண்டு சரியாகப் போகவில்லை. வேகமும் பதற்றமும் ஒரு காரணம் என்றால், கருவியின் கணக்கு இன்னொரு காரணம். பின்வெட்டுக்கும் முன்முள்ளுக்கும் இடையே 100 மில்லிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். முள் ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கில் குண்டு 10 சென்டிமீட்டர் விலகும். அந்த இடைவெளி 500 மில்லிமீட்டராக உள்ள நீள ரைஃபிளில் அதே பிசகு 2 சென்டிமீட்டர்தான். குழலைக் குறைத்தால் பைக்கு வசதி, கண்ணுக்குக் கஷ்டம்.

முள்ளைப் பெரிதாக வைத்தால் நன்றாகத் தெரியுமே என்று கேட்கலாம். பெரிய முள் பையின் துணியில் மாட்டிக்கொள்ளும், அவசரத்தில் துப்பாக்கி வெளியே வராது. அதனால் பாக்கெட் ரிவால்வர் செய்தவர்கள் குறிமுள்ளைத்தான் தியாகம் செய்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் கலான் என்பவர் கொண்டுவந்த ‘வெலோ-டாக்’ ரிவால்வரே இதற்கு நல்ல உதாரணம். சைக்கிளில் போகிறவர்களைத் துரத்தும் நாய்களுக்காகவே செய்த 5.5 மில்லிமீட்டர் துப்பாக்கி அது. நாயைக் கொல்ல மனமில்லாதவர்களுக்கு மிளகாய்த்தூள் அடைத்த தோட்டாவும் விற்றார்கள். அந்த வகையில் பலவற்றில் துணியில் மாட்டாமல் இருக்கக் குதிரையை மூடிவைத்தார்கள், விசையை மடக்கிவைத்தார்கள். குறிமுள் பெயருக்குத்தான். ஒரு கை சைக்கிளின் கிதோனில் இருக்கும்போது, துப்பாக்கியின் கிதோனை யார் பார்க்கப் போகிறார்கள்?

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இரண்டு ரிவால்வர்கள் பேர் வாங்கின. கோல்ட் கம்பெனி 1927இல் ‘டிடெக்டிவ் ஸ்பெஷல்’ கொண்டுவந்தது; இரண்டு அங்குலக் குழல், ஆறு தோட்டா. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1950இல் ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ கொண்டுவந்தது. இதில் ஐந்தே தோட்டா. அதனால் உருளை மெல்லிசு, பையில் உப்பாது. ஒரு தோட்டா கூடுதலா, ஒரு பிடி மெலிவா என்ற சண்டை அந்த நாட்டில் நெடுங்காலம் நடந்தது. பின்குறி விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்: தனியாக எதுவும் இல்லை, சட்டத்தின் மேல் வெட்டிய ஒரு பள்ளம். முன்முள்ளைத் துணியில் மாட்டாதபடி சரிவாகச் செதுக்கும் பழக்கம் பிறகு பரவியது.

இதில் நம் வயதுக்காரர்களுக்கு ஒரு தனிச் செய்தி உண்டு. கண் ஒரு சமயத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். பின்வெட்டு, முன்முள், இலக்கு என மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. இளம் கண் சட்டென்று மாறிக்கொள்ளும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு நீட்டிய கையின் நுனியில் இருக்கும் முள் மங்கலாகிவிடும். இதற்காக இருட்டில் ஒளிரும் ட்ரிட்டியம் புள்ளி வைத்தார்கள். அதன் ஒளி சுமார் பன்னிரண்டு ஆண்டில் பாதியாகிவிடும். பிறகு கைப்பிடியிலேயே லேசர் விளக்கு வைத்தார்கள். சிவப்புப் புள்ளி இலக்கின் மேலேயே விழுவதால் முள்ளையும் வெட்டையும் தேட வேண்டாம். குண்டு எங்கே போகும் என்பதை அந்தப் புள்ளி காட்டும். எதிரே நிற்பது யார் என்பதைக் காட்டாது.

2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் பெண்களின் தற்காப்புக்கென்று ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வர் வெளிவந்தது. எடை சுமார் 500 கிராம். விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கும் மேல். உண்மையில் யாருக்குப் பாதுகாப்பு தேவையோ, அவர்களில் எத்தனை பேரால் அந்தப் பணத்தைக் கொடுத்து, லைசென்சும் வாங்கி, சுடவும் பழக முடியும் என்று அப்போதே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

பிள்ளைகள் பிரான்சில், நாம் இங்கே பெரிய வீட்டில் இருவராகவோ தனியாகவோ இருக்கிறோம். ‘பேசாமல் ஒரு ரிவால்வர் லைசென்சுக்குப் போட்டால் என்ன?’ என்று பேசும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குறிமுள் உதவ வேண்டுமானால் வெளிச்சம், அவகாசம், நடுங்காத கை மூன்றும் வேண்டும். நடுராத்திரியில் கொல்லைப்புறத்தில் சத்தம் கேட்கும்போது இந்த மூன்றில் எது நம்மிடம் இருக்கும்? முதலில் மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டும். அதற்குள் சத்தம் போட்டது திருடனா, லீவுக்கு வந்து தண்ணீர் குடிக்க எழுந்த பேரனா என்றும் தெரிய வேண்டும். கொல்லைக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாளும், வெளியே பிரகாசமான ஒரு விளக்கும், கூப்பிட்டால் எழுந்து வரும் அடுத்த வீட்டுக்காரரும் இருந்தால் அதுவே போதும் என்பது என் கருத்து.