சலவைக்கல்லைச் சலவை செய்த கதை

எங்கள் வீட்டுக் குளியலறைத் தரையில், தண்ணீர் வடியும் ஜல்லடைக்குப் பக்கத்தில், ஒரு தோசை அகலத்துக்கு மங்கல் விழுந்திருக்கிறது. ஈரத்தில் தெரியாது. காய்ந்த பிறகு சாய்ந்து பார்த்தால், மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி இருக்கும். அந்தக் கல் தன் ஆயுளில் பட்ட காயங்களில், அரை நிமிடத்தில் பட்ட காயம் அது ஒன்றுதான்.

அதன் ஆயுள் லேசுப்பட்டதல்ல. சங்கும் சிப்பியும் உலகத்தில் தோன்றும் முன்பே கடலடியில் படிந்த சுண்ணாம்பு. ஆழத்தில் புதைந்து, வெந்து, நசுங்கி, பழைய உருவம் போய், கற்கண்டு மாதிரி மணிமணியாக மறுபடி இறுகியது. அப்படி இறுகிய படிவம் ராஜஸ்தானில், ஆரவல்லித் தொடரை ஒட்டிய மக்ரானாவில் செங்குத்தாகப் பூமிக்குள் இறங்குகிறது. அதைத் துரத்திக்கொண்டே மனிதர்களும் இறங்கியதால், அங்கே குவாரி என்பது மலையைக் குடைந்தது அல்ல, கிணறு மாதிரிப் பள்ளம். 1632ல் தாஜ்மஹால் வேலை தொடங்கியபோது, மக்ரானாக் கல்லை ஏற்றிவர வண்டி அனுப்பச் சொல்லி ஆம்பேர் அரசர் ஜெய்சிங்குக்கு ஷாஜகான் போட்ட ஆணைகள் இன்றும் இருக்கின்றன. 1921ல் திறந்த கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபமும் இதே கல்தான். அந்த வம்சத்தில் வந்த ஒரு பிள்ளை எங்கள் வீட்டில் வாளிக்குக் கீழே கிடக்கிறது.

பள்ளத்தின் அடியில், வைரம் பதித்த கம்பியை ஓடவிட்டுப் பாறையை அறுத்து, கிரேனில் மேலே தூக்குகிறார்கள். பிறகு கேங்சா. வரிசையாகக் கட்டிய அலகுகள் முன்னும் பின்னும் போய்வர, தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்க, பாறை பலகைகளாக இறங்குகிறது. அறுபட்ட தூள் தண்ணீரோடு சேர்ந்து வெள்ளைக் குழம்பாகப் போகும். கிஷன்கர் மார்பிள் சந்தைப் பக்கம் இந்தக் குழம்பைக் கொட்டிக்கொட்டி ஒரு பெரிய வெள்ளை மேடே உருவாகிவிட்டது. நடுவே நீலத் தண்ணீர்க் குட்டைகள். கல்யாண ஜோடிகள் அங்கே போய், பனிமலையில் நிற்பதுபோலப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

கல்லை நான் முதலில் பார்த்தது கோவைக்கு வெளியே ஒரு மார்பிள் யார்டில். பலகைகள் அலமாரிப் புத்தகம் மாதிரி நிமிர்ந்து நின்றன. யார்டுக்காரர் ராஜஸ்தானிலிருந்து வந்து இங்கேயே நிலைத்தவர்; கொங்குத் தமிழை நம்மைவிட வேகமாகப் பேசினார். நான் முகப்பையே தடவிக்கொண்டு நிற்க, “பின்னாடி பாருங்க சார். முன்னாடி எல்லாருமே அழகுதான்” என்றார்.

பின்னால் வலை ஒட்டியிருந்தால், கல்லுக்குத் தானாக நிற்கத் தெம்பு இல்லை, பசைதான் பிடித்து வைத்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். நல்ல பலகை கணீர் என்றது. உள்ளே விரிசல் ஓடியது தொப் என்றது. ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தார். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றது. அதுதான் விரிசல். டூங்ரி, அல்பேட்டா, அடங்கா, குமாரி என்று மக்ரானாவுக்குள்ளேயே உள்ஜாதிகள். மக்ரானா என்று சொல்லி விற்பதெல்லாம் மக்ரானாவும் இல்லை; மோர்வாட், அம்பாஜி, வியட்நாம் எல்லாம் அதே வெள்ளையில் நிற்கும். சுவருக்குக் கண்ணாடிப் பாலிஷ், தரைக்கு மங்கல் பாலிஷ் என்று அவரே பிரித்துக் கொடுத்தார். ஈரக்காலுக்குப் பளபளப்பு ஆகாது.

பதிப்பதற்கு வெள்ளை சிமென்ட்தான் என்று பிடிவாதமாக நின்றேன். சாம்பல் சிமென்டின் கறை கீழிருந்து ஏறி, வெளுத்த கல்லில் நிழல் கட்டும். எங்கள் மேஸ்திரி வாட்டம் வைப்பதில் சூரர்; ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் சுற்றிப் பார்க்காமல் நேரே ஓட்டைக்குப் போகும். வேலை முடிந்த சாயங்காலம், “சிமென்ட் கறை கொஞ்சம் இருக்குங்க, ஆசிட் போட்டுக் கழுவி விட்டுடறேன்” என்றார். நான் போன் பேசிக்கொண்டே தலையாட்டினேன்.

சோடா பாட்டில் திறந்தது மாதிரி ஒரு சத்தம். நுரை. அவ்வளவுதான்.

அவர் மேல் குற்றமில்லை. நாம் கருங்கல் நாட்டுக்காரர்கள். கிருஷ்ணகிரிக் கிரானைட்டுக்கும் டைல்ஸுக்கும் அரை மக் ஆசிட் பெரிதாக ஒன்றும் செய்யாது. காலங்காலமாக அப்படித்தான் கழுவுகிறோம். மார்பிள் வெறும் சுண்ணாம்புச் சத்து. ஆசிட் பட்டால் வாயு சீறிக் கிளம்ப, மேல்தோல் கரைந்து போய்விடும். அது கறை இல்லை, அரிப்பு. தேய்த்தால் போகாது, மறுபடி பாலிஷ் பிடித்தால்தான் உண்டு. மேலே பூசும் சீலர் எண்ணெயையும் சாயத்தையும் தடுக்குமே தவிர ஆசிட்டைத் தடுக்காது. தமிழில் இதற்குச் சலவைக்கல் என்று பெயர் வைத்தவர் நம் ஊர்ச் சலவையை நினைத்து வைத்திருக்க மாட்டார்.

அப்புறம் வந்தது போர் தண்ணி. உப்பு வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. வினிகர் ஊற்றலாம் என்று நினைத்தால், படிந்திருக்கும் உப்பும் பெரும்பாலும் சுண்ணாம்புதான், கீழே இருக்கும் கல்லும் சுண்ணாம்புதான். உப்பைக் கரைப்பது கல்லையும் கரைக்கும். ஆகவே குளித்தவர் வைப்பரால் தண்ணீரை வழித்துவிட்டுத்தான் வெளியே வரவேண்டும் என்று வீட்டில் சட்டம். சட்டத்தை மதிப்பவர் அம்மா ஒருவர்தான்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் அந்தச் சட்டமும் உதவாது. ஒருநாள் நல்லெண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்து, வட்டமாக ஊறிவிட்டது. முல்தானி மிட்டியில் கொஞ்சம் சோடா உப்பு சேர்த்து, தோசைமாவுப் பதத்தில் குழைத்து, விரல் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாள் மூடி, மறுநாள் தாளை எடுத்துக் காயவிட்டோம். காயும்போது அந்த மண், எண்ணெயை மேலே இழுத்துக்கொள்ளும். மூன்று தடவையில் போனது. ஆக்ராவில் மஞ்சள் பாய்ந்த தாஜ்மஹால் சுவர்களுக்குத் தொல்லியல் துறை போடுவதும் இதே முல்தானி மிட்டிப் பூச்சுதான். நாங்கள் மண்டியிட்டு அப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்து, “கல்லுக்கு ஃபேஷியலா?” என்று கேட்டுவிட்டுப் போனாள் என் பெண்.

வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்று சோப்பு அலமாரியில் இருக்கிறது. வீட்டுக்குள் எந்தப் புது பாட்டில் வந்தாலும், எலுமிச்சம்பழம் படம் போட்டிருந்தாலும் ரோஜாப்பூ போட்டிருந்தாலும், அம்மா முதலில் அதில் ஒரு சொட்டு விட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோவார். சீறினால் உடனே கடைக்குத் திருப்பம். சத்தம் வராவிட்டாலும் விடமாட்டார்; சொட்டைத் துடைத்து, துண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்.