அபிதானகோசம் முதல் இறுவட்டு வரை

ஒரு சமூகம் தனக்கு வேண்டிய அறிவை எங்கே சேமித்து வைத்திருக்கின்றது, அந்தச் சேமிப்பறையின் திறவுகோல் யாருடைய கையிலே இருக்கின்றது என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை கண்டால், அச்சமூகத்தின் கல்வி வரலாற்றிற் பாதியை நாம் அறிந்தவராவோம். கலைக்களஞ்சியங்களின் வரலாறு இவ்வகையில் வெறும் நூல் வரலாறு அன்று. அறிவு யாருடைய உடைமை என்பது பற்றிய நெடும் போராட்டத்தின் வரலாறே அது. அச்சேறிய தொகுதியாகவும், கணினியிலே சுழலும் இறுவட்டாகவும், இணையத்து ஏடாகவும் காலத்துக்குக் காலம் அது வடிவம் மாறியிருக்கின்றது. வடிவம் மாறியபோதெல்லாம் உடைமையும் மாறியதா என்பதே வேலணை போன்ற ஒரு தீவின் பாடசாலைகளிலே கற்பிக்கும் நமக்கு முக்கியமான கேள்வியாகும்.

ஐரோப்பாவின் அனுபவத்தை முதலில் நோக்குவோம். பிரான்சிலே திதரோவும் தலாம்பேரும் தொடக்கிவைத்த கலைக்களஞ்சியம் 1751 முதல் 1772 வரை வெளிவந்தது. கட்டுரைத் தொகுதிகள் 17, படத் தொகுதிகள் 11. இடையிலே, 1759-ஆம் ஆண்டில், அரசு அதன் வெளியீட்டு உரிமத்தை இரத்துச் செய்தது. சமயபீடமும் அதனைக் கண்டித்தது. ஆட்சியாளர் அஞ்சியதற்குக் காரணம் அதிலிருந்த தத்துவக் கட்டுரைகள் மட்டுமல்ல. நெசவாளியின் தறியும், கொல்லனின் உலையும், கண்ணாடி ஊதுவோனின் குழலும் அந்நூலிலே அரசருக்கும் குருமாருக்கும் பக்கத்திலே இடம்பெற்றன. கையால் உழைப்போனின் அறிவும் அறிவே என்று அந்நூல் உலகுக்கு எடுத்துரைத்தது. முடியாட்சி வீழ்வதற்கு முன்னரே அதன் அடித்தளத்தை அசைத்த செயல் இஃது எனலாம்.

தமிழிலே பழைய நிகண்டுகள் செய்யுளாகவே அமைந்தன. திவாகரமும் பிங்கலந்தையும் சூடாமணியும் மனனம் செய்வதற்கு உரியவை. அவற்றைப் பயில ஆசிரியர் வேண்டும். ஆசிரியரிடம் அமர்ந்து பயிலும் தகுதியோ பிறப்பினால் வரையறுக்கப்பட்டிருந்தது. 1732-இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி சொற்களை அகரவரிசையிலே நிறுத்திற்று. சிறிய மாற்றம் போலத் தோன்றினும் இதன் விளைவு பெரிது. எழுத்துக்களின் வரிசையை அறிந்த எவரும், யாருடைய தயவுமின்றி, வேண்டிய சொல்லைத் தாமே தேடிக்கொள்ள இவ்வமைப்பு வழி செய்தது. 1842-இல் மானிப்பாயிலே அமெரிக்க மிஷன் அச்சகத்திலிருந்து வெளிவந்த யாழ்ப்பாண அகராதி இந்நெறியை நம் மண்ணிலே நிலைநாட்டிற்று.

அதே மானிப்பாயிலே பிறந்த ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை (1858–1917) சொல்லுக்குப் பொருள் கூறும் அகராதியோடு அமையவில்லை. பெயர்களுக்குப் பின்னாலுள்ள செய்திகளையும் அகரவரிசைப்படுத்தினார். அவருடைய அபிதானகோசம் 1902-இலே யாழ்ப்பாணத்தில் அச்சேறியது. தமிழிலே தோன்றிய முதற் கலைக்களஞ்சியம் என்னும் சிறப்பு அந்நூலுக்கே உரியது. பல்கலைக்கழகமோ அரசோ துணை நிற்காத காலத்திலே, தனி மனிதர் ஒருவர் தம் உழைப்பால் இதனைச் செய்து முடித்தார் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கதே.

தமிழகத்திலும் இதே முயற்சி தனி மனிதர் ஒருவராலேயே நடைபெற்றது. சென்னையிலே பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் 1890-ஆம் ஆண்டளவிலே தொடங்கிய அபிதான சிந்தாமணி 1910-இலேதான் வெளிவந்தது. செல்வர் பலரை நாடியும் பயன் காணாத நிலையில், பாண்டித்துரைத் தேவரின் ஆதரவினால் மதுரைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. அதன் விரிந்த இரண்டாம் பதிப்பு 1934-இல் வந்தபோது ஆசிரியர் உயிரோடு இல்லை. பள்ளி ஆசிரியர் ஒருவர் இருபது ஆண்டுகள் இரவும் பகலும் உழைத்துத் தொகுத்த அறிவு, செல்வர் ஒருவரின் மனம் இரங்கிய பின்னரே மக்களை அடைந்தது. அறிவின் உற்பத்தி ஓரிடத்திலும் அதன் கட்டுப்பாடு வேறோரிடத்திலும் இருந்த நிலையை இதனினும் தெளிவாகக் காட்ட வேறு சான்று வேண்டுவதில்லை.

இவ்விரு நூல்களின் எல்லையையும் நாம் கூறாமல் விடுதல் தகாது. புராண மாந்தர், அரசர், புலவர், தலங்கள் என்பனவே அவற்றின் பெரும்பரப்பு. சங்கு குளித்தோர், சீவல் தொழிலாளர், தோணி கட்டியோர், புகையிலைத் தோட்டத்துக்குத் துலா மிதித்தோர் ஆகியோரின் வாழ்வும் தொழிலறிவும் அவற்றின் நோக்கத்துள் அடங்கவில்லை. இது தனி ஆசிரியர்களின் குறையன்று. பள்ளிக்கூடத்தின் வாயில் சாதியாற் காவல் செய்யப்பட்ட ஒரு சமுதாயத்தின் அறிவுத் தொகுதி வேறு எவ்வாறு இருந்திருக்க முடியும்?

விடுதலைக்குப் பிந்திய இந்தியாவிலே நிலை மாறிற்று. தி. சு. அவிநாசிலிங்கம் தலைமையில் 1946-இலே அமைந்த தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியம் ஒன்றை ஆக்கியது. முதல் தொகுதி 1954-இல் வந்தது. 1963-க்குள் ஒன்பது தொகுதிகள் நிறைவுற்றன. 1968-இல் பத்தாவதாகிய இணைப்புத் தொகுதி வெளிவந்தது. 1968 முதல் 1976 வரை குழந்தைகளுக்கெனத் தனியே பத்துத் தொகுதிகள் வெளியாயின. பௌதிகமும் உயிரியலும் பொறியியலும் தமிழிலே எழுத இயலாதன என்று வாதிட்டோருக்கு இத்தொகுதிகளே விடையாயின. தனி மனிதரின் தவமாக இருந்தது இப்போது அறிஞர் பலரின் கூட்டுழைப்பாயிற்று. செல்வரின் கொடையாக இருந்தது அரசும் மக்களும் தாங்கும் பொதுப்பணியாயிற்று.

இனி இறுவட்டின் காலத்துக்கு வருவோம். 1980-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலே குரோலியர் நிறுவனம் தன் கலைக்களஞ்சியத்தின் எழுத்துக்களை மட்டும் இறுவட்டிலே பதித்து விற்றது. 1989-இல் கொம்ப்டனின் பல்லூடகக் கலைக்களஞ்சியம் படத்தையும் ஒலியையும் சேர்த்தது. 1993-இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் என்கார்ட்டாவை வெளியிட்டது. பறவையின் பெயரை அழுத்தினால் அதன் குரல் கேட்கும். நாட்டின் பெயரை அழுத்தினால் படம் விரியும். ஆயிரத்தைந்நூறு டொலருக்கும் மேல் விலைபோன பிரித்தானிக்காத் தொகுதிகளின் முன்னே, சுமார் நானூறு டொலரிலே தொடங்கிப் பின்னர் 99 டொலருக்கு விற்கப்பட்ட இவ்வட்டு பெரும் வெற்றி கண்டது. 1990-இலே அமெரிக்காவில் ஓர் இலட்சத்துக்கு மேல் விற்பனையான பிரித்தானிக்காத் தொகுதிகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே பாதிக்கும் கீழே வீழ்ந்தது.

மேலைநாட்டு வீடுகளிலே இவ்வட்டுகள் சுழன்ற அதே ஆண்டுகளில் நமது தீவகத்தின் நிலை என்ன? 1990-91-ஆம் ஆண்டுப் போரிலே வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை மக்களிற் பெரும்பாலோர் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் 1990-இல் துண்டிக்கப்பட்டுப் பல்லாண்டுகள் மீளவில்லை. பொருளாதாரத் தடையிலே மண்ணெண்ணெயும் பற்றரியும் அரிய பொருள்களாயின. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டது ஒரு தலைமுறை. ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிலே பரீட்சைக்குப் படித்தது அதே தலைமுறை. யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது 1981-இல். ஆகவே அச்சிலிருந்த களஞ்சியத்தைத் தீ கொண்டது. மின்னிலிருந்த களஞ்சியமோ நமக்கு எட்டவே இல்லை. அறிவியற் புரட்சி எல்லாரையும் ஒரே வேளையிலே அணுகுவதில்லை என்னும் உண்மையை நம் மாணவர் தம் உடலாலே அறிந்தனர்.

எட்டியிருந்தாலும் என்ன பயன் விளைந்திருக்கும் என்பதையும் சிந்தித்தல் வேண்டும். என்கார்ட்டா ஆங்கிலத்திலும், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், யப்பானியம் முதலான மொழிகளிலும் வந்தது, தமிழில் வரவில்லை. கோடிக்கணக்கானோர் பேசும் மொழியாயினும், வாங்கும் ஆற்றல் உள்ளோர் தொகை கணக்குக்குப் போதவில்லை போலும். சந்தையின் தராசிலே மொழியின் தொன்மைக்கு நிறை இல்லை.

அச்சந்தையே பின்னர் அவ்வட்டையும் கைவிட்டது. இணையத்திலே இலவசமாக அறிவு கிடைக்கத் தொடங்கியதும் இலாபம் குன்றிற்று. 2009-இல் என்கார்ட்டா நிறுத்தப்பட்டது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டிருந்த அதனைத் திருத்தவோ தொடரவோ வாங்கியவருக்கு உரிமை இல்லை. பிரித்தானிக்கா தன் அச்சுப் பதிப்பை நிறுத்துவதாக 2012-இல் அறிவித்தது. 1768-இலே எடின்பரோவில் தொடங்கிய மரபு அது. இன்றும் இணையத்திலே அது நிலவுகின்றது. நிறுவனத்தின் உடைமையாகிய அறிவு நிறுவனத்தின் இலாபம் உள்ள மட்டுமே வாழும். பாடசாலைகளுக்குப் புதுப்புதுக் கருவிகளை விற்க வருவோரின் முன்னே நாம் நினைவிற் கொள்ளவேண்டிய பாடம் இது.

இதற்கு மாறான ஒரு பாதையும் அக்காலத்திலேயே திறந்தது. 2001-இலே ஆங்கிலத்தில் தொடங்கிய விக்கிப்பீடியா எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம், எவரும் படியெடுக்கலாம் என்னும் கொள்கையை உடையது. 2003-இலே தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது. அதற்கு அடித்தளமிட்டவர் யாழ்ப்பாணத்திலே பிறந்து அமீரகத்திலே பணியாற்றிய கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். முத்துத்தம்பிப்பிள்ளையின் கோசத்துக்கு நூறாண்டுகளின் பின்னர், அதே குடாநாட்டின் மைந்தர் ஒருவர் மீண்டும் தனியராகத் தொடங்கினார். ஆனால் இம்முறை தனியராக முடிக்க வேண்டியிருக்கவில்லை. இலங்கையிலும் தமிழகத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் உள்ளோர் சேர்ந்தனர். 2017-இல் கட்டுரைகளின் தொகை ஓர் இலட்சத்தைக் கடந்தது. 2005-இலே தொடங்கிய நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிலே சேமித்து எல்லாருக்கும் திறந்துவைத்தது. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் பழைய தொகுதிகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மூலம் இன்று கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எரிந்த நூலகத்துக்கு இவை ஈடாகா. எனினும் ஒரு தீக்குச்சியால் அழிக்க முடியாதவை.

ஆயினும் பொதுவுடைமை என்பதால் மட்டும் ஒரு களஞ்சியம் நிறைந்துவிடாது. இரண்டு வரியோடு நின்றுபோன கட்டுரைகளும் சான்றில்லாத கட்டுரைகளும் அங்கு பல. நம் தீவகத்தையே எடுத்துக்கொள்வோம். நயினாதீவிலே பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கின்றது. ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பளிக்க வேண்டும் என்றும், யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கே அரசுக்கு, எஞ்சியது உடையவனுக்கு என்றும் அது கூறுகின்றது. சிங்கள மன்னன் ஒருவன் தமிழிலே சட்டம் பொறித்தான் என்னும் இச்செய்தி, இனங்களைப் பகையாகவே காட்டும் வரலாற்றை மறுப்பதற்கு நம் கையிலுள்ள கல். இதனை ஆராய்ந்து கா. இந்திரபாலா 1963-இலே எழுதிய கட்டுரை ஆங்கில ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. கல்லிலே தமிழாக இருப்பதை நம் மாணவர் எளிய தமிழிலே தம் வகுப்பறையிற் படிக்கும் நிலை வர வேண்டாமா?

இன்று கேட்ட கேள்விக்குக் கணத்திலே விடையளிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. இவையும் பெருநிறுவனங்களின் உடைமைகளே. எங்கோ எவரோ எழுதியவற்றைக் கொண்டே அவை விடை கூறுகின்றன. எழுதப்படாததைப் பற்றிக் கேட்டால் பொய்யை மெய்போல் உரைக்கவும் தயங்குவதில்லை. ஆகவே எழுதப்படாத ஊர், இல்லாத ஊராகும். எழுதப்படாத தொழில், அறிவற்ற தொழிலாகும். நெடுந்தீவின் பவளக்கல் வேலிகளை அடுக்குவோரின் கைத்திறனையும், தோட்டக் கிணற்றின் நன்னீரைக் காக்கும் உழவரின் அறிவையும், எந்தக் கிணற்றிலே யார் நீரள்ளலாம் என்று சாதி விதித்த கொடுமையையும் நாம் எழுதாவிடின் வேறு யார் எழுதுவார்?

செய்யத்தக்கது எட்டாத செயலன்று. மலையாள விக்கிப்பீடியர் 2010-இலே தேர்ந்தெடுத்த 500 கட்டுரைகளை இறுவட்டாக்கி வெளியிட்டனர். விக்கிப்பீடியா முழுவதையும் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டு இணையமின்றியே படிக்க உதவும் கிவிக்ஸ் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. பாடசாலைக்கு ஒரு பழைய கணினி இருந்தாலே போதும். கடலுக்கப்பாலுள்ள தீவின் வகுப்பறையிலும் தமிழ்க் களஞ்சியம் ஒன்றைத் திறந்து வைக்கலாம். வாசிப்பதோடு நில்லாமல், ஆசிரியர் ஒருவரும் மாணவர் சிலரும் ஆண்டுக்கு ஒரு பொருளைத் தெரிந்து, முதியோரைக் கேட்டு, நூல்களோடு ஒப்பிட்டு, சான்றோடு எழுதுவார்களாயின், பாடநூல் மனனத்தாற் பெறாத ஆய்வுப் பயிற்சியும் உடன் வந்து சேரும்.

முத்துத்தம்பிப்பிள்ளை தனியராக நின்று தொகுத்தார். சிங்காரவேலர் புரவலருக்காகக் காத்திருந்தார். நமக்கு அவ்விரு நிலைகளும் இல்லை. களஞ்சியத்தின் கதவு திறந்தே இருக்கின்றது. அதனுள்ளே இடப்படாத நெல் நம் வயலிலே கிடக்கின்றது. அதனை அள்ளிச் சேர்க்கும் கடமை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரியது.