எழுத வராதவனும் தேறலாம்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊர் மூவர் கோயிலுக்கு உங்களில் எத்தனையோ பேரை வரிசையாக நடத்திக் கூட்டிப் போயிருக்கிறேன். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்ற இரு தேவியர் பெயராலும் மூன்று விமானங்கள் எழுப்பியதை அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. இன்று நிற்பவை இரண்டு. கல்வெட்டில் வம்ச வரிசை இருக்கிறது, வென்ற போர்கள் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டு தாண்டி நிற்கும் கல்லைச் செதுக்கியவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. கைத்தொழில்காரனுக்குச் சான்றிதழ் கிடைக்காத கதை அவ்வளவு பழையது.

இதை இப்போது எழுதக் காரணம், என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பையன். இன்று அவனுக்கு நாற்பது வயதுக்கு மேல், நல்ல கொத்தனார். அந்த வருடம் கணக்கில் அவனை ஃபெயில் போட்டது நான்தான். அதோடு அவன் பள்ளியை விட்டான், சித்தாள் வேலைக்குப் போனான். சில மாதங்களுக்கு முன் வீட்டுக்கு வந்து, "சார், வேலை செய்யுற இடத்துல சர்டிபிகேட்டுக்குப் பேர் குடுத்திருக்கேன். நம்மளப் பேசச் சொல்லி செல்போன்ல பதிவு பண்ணுவாங்களாம். எனக்குப் பயமா இருக்கு" என்றான்.

பேசவைத்துத் திறமையை அறிவது நமக்குப் புதிதல்ல. இறையனார் களவியல் உரை சொல்லும் கதையை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். நாற்பத்தொன்பது புலவர்கள் தங்கள் உரையைச் சொல்ல, ஊமைப் பிள்ளை உருத்திரசன்மன் கேட்டிருந்தான். நக்கீரர் உரைக்குக் கண்ணீர் வார்த்து, மெய்சிலிர்த்தான். அதுவே தீர்ப்பு. திண்ணைப் பள்ளியிலும் பிள்ளை வாயால் ஒப்பித்தால்தான் பாடம் முடியும். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் பிறகு மெல்ல மெல்ல எழுத்துத் தேர்வே அறிவின் அளவுகோல் ஆயிற்று. 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தோடு ஐ.டி.ஐ.க்கள் வந்தன. அங்கே செய்முறையும் உண்டு, எழுத்துத் தேர்வும் உண்டு. ஆனால் சாரத்தில் நின்று தொழில் கற்றவன் அந்த வாசலுக்கே போகவில்லை.

பிரிட்டனில் 1986-இல் தேசியத் தொழிற்தகுதி முறை கொண்டுவந்தார்கள். எங்கே படித்தாய் என்பதை விட, உன்னால் என்ன செய்ய முடியும் என்பதே அதில் கேள்வி. அதில் வளர்ந்த ஒரு வழிதான் 'தொழில்முறை உரையாடல்'. இது வாய்மொழித் தேர்வு மாதிரி கேள்வி, பதில் என்று போகாது. எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரியும். தொழிலாளி தன் வேலையைத் தன் போக்கில் விளக்குவார். மதிப்பீட்டாளர் இடையிடையே "ஏன்?" என்று கேட்பார். முழுவதும் பதிவாகும். எந்த நிமிடத்தில் எந்தத் திறன் வெளிப்பட்டது என்று குறித்துவைப்பார்கள். அவருக்கு மேலே உள்ள சரிபார்ப்பவர் அதைத் திரும்பக் கேட்கலாம். இலங்கையிலும் தேசியத் தொழிற்தகுதி முறை வந்தது, அனுபவத்தால் கற்றவர்களுக்கும் அதில் வழி உண்டு. நம் நாட்டில் 2013-இல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பும், 2015-இல் பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டமும் வந்தன. முன்பே கற்ற திறனை மதிப்பிட்டுச் சான்று தருவதும் அத்திட்டத்தில் ஒரு பகுதி. ஆர்.பி.எல். என்பார்கள்.

சரி, நம் பையன் கதைக்கு வருகிறேன். பயம் தெளிய நானே மதிப்பீட்டாளராக உட்கார்ந்து, என் செல்போனில் பதிவு செய்தேன். மூலைமட்டம் எப்படிப் பார்ப்பாய் என்றேன். ஒரு பக்கம் மூணடி, மறுபக்கம் நாலடி குறித்து, குறுக்கே அஞ்சடி வந்தால் மூலை சரி என்றான். செங்கல்லை ஏன் நனைக்கிறாய் என்றேன். காய்ந்த கல் கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும், பிடிப்பு இருக்காது என்றான். மணல் ஈரமாக இருந்தால் என்றேன். "ஒரு சட்டி கூடப் போடுவேன் சார்." இது தப்பு என்று மனதுக்குள் கழித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

ராத்திரி தூக்கம் வராமல் பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். நான் அடுத்த கேள்வியை ஆரம்பிக்கும்போதே அவன் மெதுவாகச் சொல்லியிருக்கிறான்: "ஈர மணல் உப்பி நிக்கும் சார், சட்டி நெறஞ்ச மாதிரி தெரியும், உள்ள மணல் கம்மி." காலையில் பொறியாளரான ஒரு பழைய மாணவருக்கு போன் செய்தேன். "அவர் சொன்னதுதான் சார் சரி. லேசான ஈரத்துலேயே மணல் கால் பங்கு வரைகூட உப்பும்" என்றார்.

பதிவு இல்லையென்றால் இரண்டாம் முறையும் அவனைத் தவறாக ஃபெயில் போட்டிருப்பேன். அந்த எட்டாம் வகுப்புத் தாளை இனி திரும்பக் கேட்க வழியில்லை. மூணு, நாலு, அஞ்சு கணக்கு தெரிந்தவனைத்தான் கணக்கு வராதவன் என்று எழுதினேன்.

இந்த முறையிலும் குறை உண்டு. வாய்ச்சாலகன் எளிதில் தப்பிப்பான், கூச்சக்காரன் திணறுவான். பேச்சு மட்டும் போதாது, கையால் செய்து காட்டுவதும் வேண்டும். கேட்பவருக்குத் தொழிலும் தெரியவேண்டும், பேச்சுவழக்கும் புரியவேண்டும். எனக்கு முதலாவது இல்லை.

அவனுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. முதலில் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினான். "மன்னிச்சுக்கடா" என்றேன். "என்ன சார் பெரிய வார்த்தையெல்லாம்" என்று டீ வாங்கிக் கொடுத்தான்.

உங்களில் பலர் இன்று மேலாளர்கள், ஒப்பந்தக்காரர்கள், ஆசிரியர்கள். யாரையாவது தெரியாதவன் என்று ஒதுக்கும் முன், அவன் பேசி முடிக்கும் வரை காத்திருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் சார், கொடும்பாளூர்.